மேலிருந்து வந்த சிவப்பு

அப்பு, உன் கல்யாணப் பத்திரிகைக்கு நீ எழுதி அனுப்பிய வாசகம் வந்து சேர்ந்தது. உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தலைப்பில் இருக்கும் எழுத்து நீயே வரைந்தது என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. தாய்மாமன் பெயர் வரவேண்டிய இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டு, பக்கத்தில் பென்சிலால், 'மாமா பேரைப் போடவா, வேண்டாமா? நீயே கேட்டுச் சொல்லும்மா' என்று எழுதியிருந்தாய். கேட்டுச் சொல்வதற்காகத்தான் முந்தாநாள் மலைப்பக்கம் குரங்கணிக்குப் போய் உன் மாமாவைப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் சொன்னதை ஒரு வரியில் எழுதிப் போட்டுவிடலாம். ஆனால் நான் ஒரு வரி எழுதினால் நீயும் ஒரு வரியில் பதில் போடுவாய். அதைச் சுமந்துகொண்டு மறுபடியும் நான்தான் ஜீப் ஏற வேண்டும். இந்த வயதில் எனக்கு முழங்காலும் ஒத்துழைக்கவில்லை, மனசும் ஒத்துழைக்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். ஆபீசில் வைத்துப் படிக்காதே. அறைக்குப் போய், உட்கார்ந்து படி.

நீ ஏழாவது எட்டாவது படிக்கும்போது உன் நோட்டுகளின் ஓரத்தில் எல்லாம் படம்தான் இருக்கும். ஒரு பக்கத்தில் பஸ் மலைக்குக் கீழே நிற்கும். அடுத்த பக்கத்தில் கொஞ்சம் ஏறியிருக்கும். நோட்டை வளைத்துப் பிடித்துப் பக்கங்களைச் சரசரவென்று ஓடவிட்டால், பஸ் வளைந்து வளைந்து ஏறி மேட்டைத் தாண்டி மறைந்துபோகும். உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, படிக்கிற நோட்டில் இதென்ன கிறுக்கல் என்று வாசலில் தூக்கி எறிந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த மாமாதான் குனிந்து அதை எடுத்தார். பக்கங்களை ஓடவிட்டுப் பார்த்தார். திரும்பவும் ஓடவிட்டார். மறுநாள் கடைத்தெருவிலிருந்து புது நோட்டுகள் வாங்கி வந்து உன் கையில் கொடுத்து, "மாப்ளே, இதுல பஸ்சை ஓட்டு, கணக்கை அதுல போடு. ரெண்டையும் கலக்காத, ஒங்கப்பன் வைவான்" என்றார். அதற்குப் பிறகு நீ கோயில் திருவிழா நாடகத்துக்குத் திரை வரைந்தாய். அருவி கொட்டுகிற மாதிரி ஒரு காட்டுத்திரை. மாமா நாடகத்தைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் திரையைச் சுருட்டியதும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மெட்ராசுக்குப் படிக்கப் போன பிறகு, கம்ப்யூட்டரில் படம் போடுவதைத்தான் இனி முக்கியமாகப் படிக்கப்போகிறேன் என்று எழுதினாய். கம்ப்யூட்டர் என்ற சாமானையே நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. லீவுக்கு வந்தபோது உன் முதல் வேலையைப் பற்றிச் சொன்னாய். வெறும் கோடுகளால் ஒரு பெட்டி, அது திரையில் தானாகத் திரும்பும் என்றாய். சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா இலையை விட்டு எழுந்திருக்காமலே, "கோட்டை எப்பிடி மாப்ளே திருப்புறது?" என்று கேட்டார். நீ தீப்பெட்டியை அவர் இடது கையில் கொடுத்துத் திருப்பச் சொன்னாய். ஒவ்வொரு மூலையும் எங்கே போகிறது என்று மட்டும் கணக்குப் போட்டுச் சொன்னால் போதும், மெஷின் மூலைகளைக் கோட்டால் சேர்த்துவிடும் என்றாய். கை காய்ந்துபோகும் வரை மாமா அந்தத் தீப்பெட்டியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். உன் அப்பா, "சரி, இதை வச்சு என்ன சோலி செய்யப்போற?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பெட்டியைப் பற்றிக் காலேஜில் நீ மேடையேறிப் பேசியதாகப் பிறகு எழுதினாய். அந்தக் கடிதத்தை மாமா என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போய் அவர் மகள் மல்லிகாவிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

கடைசி வருஷத்து வேலைக்கு நீ நம் ஏலக்காய்த் தோட்டத்தையே எடுத்துக்கொண்டாய். அந்தச் சமயத்தில் மலையெங்கும் கட்டே நோய் பரவிக்கொண்டிருந்தது. இலையில் வெளிர்பச்சையாகக் கோடு கோடாக விழும். பிறகு செடியின் தூர் குறுகும், பூச்சரம் விடாது, காய் இராது. பிடித்த தூரை வேரோடு பிடுங்கிப் போடுவதைத் தவிர வேறு மருந்து கிடையாது. இந்த நோய் ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்கு எப்படித் தாவுகிறது என்பதைக் கம்ப்யூட்டரில் படமாக ஓட்டிக் காட்டப்போகிறேன் என்றாய். ஒரே சரிவில் மேலே மாமா தோட்டம், கீழே நம் தோட்டம், நடுவில் பாறையும் ஓடையும். மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேலையாட்களிடம், "எங்க மாப்ளே நம்ம காட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்தப்போறாரு" என்று சொல்லிக்கொண்டு, தினமும் உன்னோடு ஏறி இறங்கி, அட்டை கடித்த காலோடு ஒவ்வொரு தூரையும் உனக்குக் காட்டினார். எதையும் மறைக்கவில்லை. நோய் பிடித்ததை அவரே இலையைத் திருப்பிக் காட்டினார். நம் தோட்டத்தை நீ கடைசியாக, மழை பிடிக்கும் முன் முடிக்க வேண்டுமென்று வெரசாகப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டாய்.

மறுமுறை வரும்போது படங்களோடு வந்தாய். கம்ப்யூட்டர் திரைமேல் வெளிச்சம் படாமல் சுற்றிலும் கறுப்புத் துணி கட்டி, ஒவ்வொரு காட்சியாகப் போட்டோ எடுத்து ஸ்லைடு செய்திருந்தாய். கறுப்பில் வெள்ளைப் புள்ளி புள்ளியாகத் தோட்டம். நோய் பிடித்த தூருக்கு மட்டும் சிவப்பு வேண்டும். அந்த மெஷினில் வண்ணம் வராது, கையால்தான் வைக்க வேண்டும் என்றாய். ஸ்டூடியோக்காரர்கள் போட்டோவுக்குப் பூசும் வண்ணத்தை வாங்கி வந்து, பொடிப்பொடியாகப் புள்ளி வைக்கப் பொறுமை உள்ள கை வேண்டுமென்று மல்லிகாவைக் கூப்பிட்டு விட்டாய். உனக்கும் அவளுக்கும்தான் என்று இரண்டு வீட்டிலும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. உங்கள் இரண்டு பேரையும் யாரும் கேட்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் பகலெல்லாம் புள்ளி வைத்தாள். நீ வெளியே போயிருந்தபோது பிரஷ்ஷை நிறுத்திவிட்டு, "அத்தே, இந்தப் பாறைக்கு மேல இருக்கது எங்க தோட்டந்தான?" என்று என்னிடம் கேட்டாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "படந்தானத்தா, வையி" என்றேன். அவள் மறுபடியும் புள்ளி வைக்கத் தொடங்கினாள். நான் அப்போதே கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்திருக்கலாம் என்று பின்னால் பல தடவை நினைத்திருக்கிறேன்.

அந்தப் படங்களைக் காட்டி நீ பேசிய அன்று, போடியில் ஏலக்காய் விவசாயிகள் கூடும் மண்டபம் நிறைந்துவிட்டது. ஜன்னல்களுக்குச் சாக்கு மாட்டி இருட்டாக்கியிருந்தீர்கள். முன்வரிசையில் மாமாவும் உன் அப்பாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். ஓரத்தில் பெண்களோடு நானும் மல்லிகாவும். நீ நன்றாகப் பேசினாய் அப்பு, அதை நான் எப்போதும் சொல்வேன். ஊர்க்காரர்களுக்குப் புரிகிற பேச்சில், சிரிக்கச் சிரிக்கப் பேசினாய். பிறகு ஸ்லைடுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளினாய். மேல் மூலையில் நாலைந்து சிவப்புப் புள்ளிகள். அடுத்ததில் கொஞ்சம் கூட. அடுத்ததில் இன்னும் கூட. பாறையைச் சுற்றிக்கொண்டு, ஓடையைத் தாண்டி, சிவப்பு கீழே இறங்கி வந்து சரிவு முழுவதும் பரவியபோது கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது. நீ யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு அந்தப் பாறையும் ஓடையும் போதாதா? பின்வரிசையிலிருந்து யாரோ மாமா பெயரைச் சொல்லி, "இது அவுக காடுல்ல?" என்றார்கள்.

மாமா எழுந்து நின்றார். "மாப்ளே, அந்தச் செவப்பு எங்கிட்டிருந்து கெளம்புது? இன்னொருக்காக் காட்டுங்க" என்று கேட்டார். நீ முதலிலிருந்து மறுபடி காட்டினாய். "மேலருந்துதான் மாமா கீழ வருது" என்றாய். உண்மையைச் சொல்கிறோம் என்ற தெளிவோடுதான் சொன்னாய், அதில் கள்ளமில்லை. ஆனால் பின்னாலிருந்து ஒரு குரல், "அப்பச் சரி, தாய்மாமன் அனுப்புன சீரு!" என்றது. மண்டபமே சிரித்தது. நீயும் சிரித்தாய், கூட்டம் சிரிக்கும்போது மேடையில் இருப்பவன் சிரிப்பது போல. மல்லிகா என் கையைப் பிடித்த பிடி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. மாமா பக்கத்தில் இருந்த உன் அப்பாவைக் குனிந்து ஒரு தடவை பார்த்தார். உன் அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா உன்னிடம், "நல்லாச் செஞ்சிருக்கீங்க மாப்ளே" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடும்போது உன் அப்பா வாயைத் திறந்தார். "நம்ம தோட்டத்துலயுந்தான் இருந்துச்சு. நீ வர்றதுக்கு முன்னாடி ஆள் விட்டுப் புடுங்கிட்டேன்." நீ கையை உதறிவிட்டு, "ஏம்ப்பா சொல்லல? அது படத்துல வந்திருக்கணுமே" என்றாய். "நீ இருக்கதத்தான எண்ணுன. இல்லாததைக் கேக்கலையே" என்றார் அவர். நீ சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாய். காலையில் மாமா வீட்டுக்குப் போவாய் என்று நினைத்தேன். நீ ரயிலுக்குப் போனாய். பரீட்சை என்றாய். பரீட்சை இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை.

அதற்கடுத்து நடந்ததில் பாதியை உனக்கு எழுதினேன், பாதியை எழுதவில்லை. மற்ற தோட்டக்காரர்கள் மாமாவிடம் போய், உங்கள் காட்டைச் சுத்தம் செய்யுங்கள் என்று நெருக்கினார்கள். நோய் பிடித்ததை மட்டும் அவர் பிடுங்கவில்லை. நல்லது கெட்டது பார்க்காமல் மேல்சரிவு முழுவதையும் வெட்டிச் சாய்த்துவிட்டார். காய் பிடித்திருந்த தூர்களும் போயின. போடி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் குரங்கணியிலேயே தங்கிவிட்டார். மல்லிகாவைத் தேவாரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்தார். கல்யாணத்துக்கு ஆள் மூலம் சொல்லிவிட்டார்கள், நேரில் அழைக்க வரவில்லை. நான் மட்டும் போய் ஓரமாக நின்று அட்சதை போட்டுவிட்டு வந்தேன். ஆனால் பொங்கலுக்கு எனக்குச் சீர் நின்றதில்லை, அப்பு. வருஷம் தவறாமல் அரிசியும் கரும்பும் மஞ்சள்கொத்தும் வரும். லோடு ஏற்றிவரும் ஜீப்புக்காரர் வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போவார். அண்ணன் வருவதில்லை. ஊர் சிரித்த சீர் அது. அதை ஒவ்வொரு வருஷமும் நான்தான் உள்ளே எடுத்து வைக்கிறேன்.

நம் தோட்டத்தில் பிடுங்கிய தூர்களையும் சேர்த்து மறுபடி ஓட்டிப் பார்த்ததாகவும், அப்படி ஓட்டினால் சிவப்பு மேலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, கீழிருந்து மேலேறியும் இருக்கலாம் என்றும் நீ எழுதினாய். காலேஜுக்கு எழுதிக் கொடுத்த புத்தகத்தில் அதைத் திருத்திவிட்டேன் என்றாய். நல்லது. ஆனால் திருத்திய படம் மெட்ராசில் இருக்கிறது. திருத்தாத படம் போடியில் இருக்கிறது. அசையாமல் இருக்கும் படத்தை ஜனங்கள் சந்தேகப்பட்டுப் பார்ப்பார்கள். அசைகிற படத்தைக் கண்ணால் கண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதுதான் உன் தொழில். இனிமேல் யாருடைய காட்டையாவது படமாக ஓட்டுவதாக இருந்தால், முதலில் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து அவர்களுக்கு ஓட்டிக் காட்டு. பிறகு மண்டபத்துக்குப் போ. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த புத்தி.

முந்தாநாள் போனபோது மாமா கட்டிலில் படுத்திருந்தார். மல்லிகா குழந்தையோடு வந்திருந்தாள். தேவாரத்தில் அவர்கள் வாழைக்குள் யானை இறங்கிவிட்டதாம், அந்தக் களேபரம் அடங்கட்டும் என்று புருஷன் இங்கே அனுப்பியிருக்கிறான். நான் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணே, அப்புவுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம்" என்றேன். "கேள்விப்பட்டேன்" என்றார். பிறகு இத்தனை வருஷம் தொண்டையில் வைத்திருந்ததைச் சொன்னேன். "எங்க தோட்டத்துலயும் கட்டே இருந்துச்சுண்ணே. அவன் வர்றதுக்கு முன்னாடி இவுக புடுங்கிட்டாக. அவனுக்குத் தெரியாது. அதான் படம் அப்பிடி வந்துச்சு."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "எனக்குத் தெரியாதாக்கும்? புடுங்குன தூரையெல்லாம் ஓடைக்கரையிலதான குமிச்சுப் போட்டிருந்தாய்ங்க. நான் தெனமும் அந்த வழியாத்தான எறங்குவேன்" என்றார்.

"தெரிஞ்சா அங்கயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன்.

"எப்பிடித்தா சொல்ல? புள்ள மொதமொத நம்ம ஊர்ல மேடையேறி நிக்கிறான். ஊரே வாயைப் பொளந்துக்கிட்டுப் பாக்குது. தாய்மாமங்காரன் எந்திரிச்சு, ஒம் படம் தப்புடாங்கவா? இன்னொருக்காக் காட்டுன்னேன், அதுக்குள்ள அவங்கப்பன் ஒரு வார்த்தை சொல்லுவான்னு பாத்தேன். பக்கத்துலதான உக்காந்திருந்தான்." பிறகு, "ஆத்திரத்துல நல்ல தூரையும் வெட்டிப்புட்டேன். அது என் கிறுக்குத்தனம்" என்றார்.

மல்லிகா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். "செவப்பு வச்சது நாந்தான்னு அன்னைக்கே அப்பாகிட்டச் சொல்லிட்டேன் அத்தே" என்றாள். என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒரு புள்ளி கூடப் பெசகாம வச்சிருக்கியேன்னாரு" என்று சிரித்தாள். அவளைப் பற்றி நீ மனசில் எதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வீட்டுக்காரன் நல்லவன், அவள் நன்றாக இருக்கிறாள். அத்தான் இன்னும் படம் வரைகிறாரா என்று கேட்டாள். ஆபீஸ் வேலையே சரியாக இருக்கிறதாம் என்றேன். "அய்ய, அந்த பஸ்சு மாதிரிக்கூட ஒண்ணும் வரையலையா?" என்றாள். நீ வரைவதை விட்டுவிட்டாய் என்றால் ஏன் விட்டாய் என்று நானும் உன்னிடம் கேட்டதில்லை.

கிளம்பும்போது, பத்திரிகையில் பேரைப் போடட்டுமா என்று கேட்டேன். "அதை அவன் வந்து கேக்கட்டும்" என்றார் மாமா. அவ்வளவுதான். நீ கேட்டனுப்பிய கேள்விக்கு அவர் சொன்ன ஒரு வரி இதுதான்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "அவன் போறப்ப நானும் கூடப் போகணுமா?" என்று கேட்டார். "அது ஒங்க இஷ்டம்" என்றேன். முன்பென்றால் போங்கள் என்று சண்டை பிடித்திருப்பேன். இப்போது தெம்பில்லை. உன் மாமாவிடம் போய் உன் அப்பாவுக்காகப் பேசினேன், உன் அப்பாவிடம் வந்து மாமாவுக்காகப் பேசினேன், உனக்கு எழுதும்போது இரண்டு பேருக்காகவும் எழுதினேன். எல்லோரும் அவரவர் இடத்தில் கௌரவமாக உட்கார்ந்திருந்தீர்கள். நடந்து நடந்து தேய்ந்தது நான் ஒருத்திதான். உன் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணை ஒருநாளும் இப்படித் தூது போகிறவளாக ஆக்கிவிடாதே. நீ சொல்ல வேண்டியதை நீயே போய்ச் சொல். தப்பு பாதிதான் உன்னுடையது என்றாலும் அந்தப் பாதியை நீயே கொண்டுபோய்க் கொடு. கல்யாணத்துக்கு நான் உனக்குச் சொல்லும் புத்தி இது ஒன்றுதான்.

பத்திரிகையை அச்சுக்குக் கொடுப்பதை ஒரு வாரம் தள்ளிப்போடு. மதுரையில் இறங்கி போடி ரயிலைப் பிடித்து வா. நம் வீட்டில் பையை வைத்துவிட்டு நேரே குரங்கணிக்குப் போ. உன் அப்பா கூட வந்தால் வரட்டும், வராவிட்டால் காத்துக்கொண்டு நிற்காதே. நோட்டு, காகிதம், படம் எதுவும் கொண்டுபோக வேண்டாம். மல்லிகா என்ன போட்டாலும் சாப்பிடு. மாமா மத்தியானம் கொஞ்சம் கண் அசருவார், அதனால் சாயங்காலமாகப் போ. இப்போது அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, சத்தமாகச் சொல்.